மார்மன் மிஷன் வயதைக் குறைத்ததால் உண்மையில் மாறியது என்ன?

லீஹைவாசி எழுதியது:

யூட்டாவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்த விஷயம் ஓரளவு தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

2012 அக்டோபர் 6ஆம் தேதி, சால்ட் லேக் சிட்டியில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் பொது மாநாடு. மார்மன் சபை என்று நாம் சொல்வது இதைத்தான். அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் காலை அமர்விலேயே ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஆண்கள் 19 வயதுக்குப் பதிலாக, பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் 18இலேயே மிஷனுக்குப் போகலாம். பெண்கள் 21க்குப் பதிலாக 19இல் போகலாம். காலக்கெடு எதுவும் இல்லை, அந்த நிமிடமே அமல்.

மிஷன் என்றால் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் முழுநேர மதப் பிரசார ஊழியம். சம்பளம் கிடையாது, செலவு குடும்பத்துடையது. எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சபை தீர்மானிக்கும். எப்போதும் ஒரு கம்பானியனோடு, அதாவது உடன் ஊழியம் செய்யும் இன்னொரு மிஷனரியோடு, இணைந்தே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் காதல், படிப்பு, வேலை எதுவும் இல்லை. இங்கே பக்கத்து வீட்டுப் பையன் எங்கே என்று கேட்டால் 'பிரேசிலில் இருக்கிறான்', 'தைவானில் இருக்கிறான்' என்பது சாதாரணமான பதில்.

இந்த வயது மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அதனால் சபை வளர்ந்ததா? என்னைக் கேட்டால் அது கேட்க வேண்டிய முதல் கேள்வியே இல்லை. வெளியிலிருந்து உள்ளே வந்தவர்களைவிட, ஏற்கெனவே உள்ளே இருந்த இளைஞர்களின் வாழ்க்கையைத்தான் இந்த முடிவு அதிகம் மாற்றியது. அதிலும் குறிப்பாகப் பெண்களின் வாழ்க்கையை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

-----

எண்ணும்எழுத்தும் எழுதியது:

முதல் கேள்வி இல்லை என்றாலும் அதற்குப் பதில் இருக்கிறது. சபையே ஆண்டுதோறும் ஏப்ரலில் புள்ளிவிவரம் வெளியிடுகிறது.

அறிவிப்பு வந்தபோது ஊழியத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 58,500 பேர். 2013 முடிவில் 83,035. 2014 முடிவில் 85,147. இரண்டே ஆண்டில் 40 சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். இப்போது புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பாருங்கள். 2012இல் 2,72,330. 2014இல் 2,96,803. ஏற்றம் 9 சதவீதம்தான்.

அதற்கடுத்த ஆண்டு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2015 முடிவில் மிஷனரிகள் 74,079. அதாவது பழைய நிலையைவிட 15,000 பேர் கூடுதல். ஆனால் அந்த ஆண்டு ஞானஸ்நானம் 2,57,402. ஆள் குறைவாக இருந்த 2012ஐ விடக் குறைவு! ஆண்டு முடிவில் இருந்த எண்ணிக்கையை வைத்து வகுத்தால், 2012இல் ஒரு மிஷனரிக்கு 4.6 பேர். 2014இல் 3.5 பேர்.

மிஷனரி எண்ணிக்கை ஏன் ஏறி இறங்கியது என்பதும் வெறும் கணக்குதான். 19 வயது ஆண்கள் போக வேண்டிய அதே நேரத்தில் 18 வயதினரும் புறப்பட்டார்கள். பெண்களில் 21, 20, 19 என்று மூன்று வயதினர் ஒரே சமயத்தில் தகுதி பெற்றார்கள். அந்த அலை திரும்பி வந்ததும் எண்ணிக்கை இறங்கியது. 2017 முடிவில் 67,049, 2018 முடிவில் 65,137.

முக்கியமான ஒன்று. முன்பு மிஷனரிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 சதவீதம். மாற்றத்துக்குப் பின் 30 சதவீதத்தை நெருங்கினார்கள். தோராயமாகப் பெருக்கிப் பாருங்கள். அலை ஓய்ந்த பிறகும் நிலைத்து நின்ற ஏழெட்டாயிரம் பேர் உயர்வு, கிட்டத்தட்ட முழுவதுமே பெண்களால் வந்தது. லீஹைவாசி சொல்வதை எண்களும் சொல்கின்றன.

-----

சாமானியன் எழுதியது:

அப்படியானால் ஆள் கூடியும் ஞானஸ்நானம் ஏன் கூடவில்லை? அப்புறம், இரண்டு வருடம் சொந்தச் செலவில் என்றால் எவ்வளவு ஆகும்? நடுத்தரக் குடும்பத்தால் முடியுமா?

-----

லீஹைவாசி எழுதியது:

செலவு முதலில். பாரிஸுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் அமெரிக்கக் குடும்பம் மாதம் ஒரே தொகை கட்டினால் போதும். நீண்ட காலம் அது 400 டாலர், 2020 ஜூலையிலிருந்து 500 டாலர். ஆண் பிள்ளைக்கு இரண்டாண்டுக்கு 12,000 டாலர். அண்ணன் திரும்புவதற்குள் தங்கையும் புறப்பட்டால் மாதம் 1,000. சின்ன வயதிலிருந்தே பிள்ளைகள் இதற்கென்று உண்டியல் வைத்துச் சேர்ப்பார்கள். முடியாதவர்களுக்கு வார்டு (உள்ளூர்ச் சபை) உறுப்பினர்களும் சபை நிதியும் கைகொடுக்கிறார்கள். வயதைக் குறைத்ததில் ஒரு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் அந்த இடைப்பட்ட ஓராண்டு போய்விட்டது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த ஆண்டில் மளிகைக் கடையிலோ கட்டட வேலையிலோ பையன் சம்பாதித்தது மிஷன் செலவுக்குப் போகும். இப்போது பெற்றோர் தலையில் கூடுதல் பங்கு விழுகிறது.

ஞானஸ்நானம் கூடாததற்கு ஒரே காரணம்தான். கதவு தட்ட ஆள் கூடினால் கதவு திறப்பவர்கள் கூடுவதில்லை. உள்ளூர் உறுப்பினர் ஒருவர் தன் நண்பரை அழைத்து வந்து உட்கார வைத்தால்தான் பாடம் நடக்கிறது. அந்த ஊரில் இருபது உறுப்பினர் இருந்தால், நான்கு மிஷனரி இருந்தாலும் எட்டு பேர் இருந்தாலும் அறிமுகம் செய்யப்போவது அதே இருபது பேர்தான்.

-----

வகுப்பறை எழுதியது:

யூட்டாவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. பெண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு 21 என்பது பல காலமாக ஒரு வடிகட்டியாகவே வேலை செய்தது. இங்கே 19, 20 வயதில் திருமணம் செய்துகொள்வது அரிதில்லை. 21 வரை திருமணம் ஆகாமல் இருந்தால் 'சரி, மிஷனுக்காவது போ' என்பார்கள். விரும்பியே போன பெண்களைக்கூட, மாப்பிள்ளை அமையாததால் போகிறாள் என்று பார்க்கிற பார்வை இருந்தது. 21 என்பது பட்டப்படிப்பின் கடைசிக் கட்டமும்கூட. அந்த நேரத்தில் ஒன்றரை வருடம் விட்டுவிட்டுப் போவது கடினம்.

19 என்று ஆனதும் அந்தக் கணக்கே மாறியது. கல்லூரியில் ஓராண்டு முடித்ததும் போகலாம். திருமணப் பேச்சு வருவதற்கு முன்பே போகலாம். சபைத் தலைமை பெண்களுக்கு இது கடமை இல்லை, விருப்பம் மட்டுமே என்று அன்றே திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் நடந்தது என்ன? முன்பு வாரத்துக்குச் சுமார் 700 விண்ணப்பம் வந்துகொண்டிருந்தது. அறிவிப்புக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் அது வாரத்துக்கு 4,000 வரை போனது. அதில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். யாரும் வற்புறுத்தாமல், கடமை என்று யாரும் சொல்லாமல் வந்த விண்ணப்பங்கள் அவை. எத்தனை பேர் இத்தனை காலம் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

2013 இலையுதிர் பருவத்தில் எங்கள் மாநிலக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. முதலாண்டு வகுப்பில் பையன்கள் இல்லை, இரண்டாம் ஆண்டு வகுப்பில் பெண்கள் இல்லை. நிர்வாகங்கள் வரவுசெலவைச் சரிக்கட்டத் தடுமாறின. அது இரண்டு மூன்று ஆண்டுப் பிரச்சினை, தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது வேறொன்று.

திரும்பி வந்த பெண்கள் வகுப்பில் பேசுகிற விதம் வேறாக இருந்தது. சிலியிலோ மடகாஸ்கரிலோ ஒன்றரை வருடம் அந்நிய மொழியில் அந்நியர்களிடம் பேசி, கதவு சாத்தப்பட்டு, மறுபடி அடுத்த கதவுக்குப் போன பெண், வகுப்பில் கை தூக்கத் தயங்குவதில்லை. இதை எல்லாரும் தன்னம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் பார்த்தது அதைவிடக் குறிப்பானது. தன் நேரத்தைத் தானே திட்டமிடுவது, ஒத்துப்போகாத ஒருத்தியோடு ஒரே அறையில் வாரக்கணக்கில் வாழ்வது, சபையின் போதனையை யாரிடமும் கேட்காமல் தானே விளக்குவது. கடைசியாகச் சொன்னதுதான் சபைக்குள் பெரிய மாற்றம். வேதத்தை விளக்குவது ஆண் குருத்துவத்தின் வேலை என்று பழகிய வீடுகளில், தங்கை அண்ணனுக்குச் சமமாக உட்கார்ந்து விவாதிக்கிறாள்.

நிறுவனமும் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது. இவ்வளவு பெண்களை நிர்வகிக்க 2013 ஏப்ரலில் சிஸ்டர் டிரெய்னிங் லீடர் என்ற பொறுப்பை உருவாக்கினார்கள். அதுவரை மிஷனில் எல்லாத் தலைமைப் பொறுப்பும் ஆண்களிடம். ஒரு 19 வயதுப் பையன் 23 வயதுப் பெண்ணை மேற்பார்வை பார்ப்பான். புதிய பொறுப்பில் இருந்த பெண்கள் மிஷன் தலைமைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2018 டிசம்பரில் கால்சட்டை அணிய அனுமதி வந்தது. 2019 அக்டோபரில் ஞானஸ்நானத்துக்குப் பெண்கள் சாட்சியாக நிற்கலாம் என்று ஆனது. ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் பாடம் சொல்லி ஆற்றங்கரை வரை அழைத்து வந்த பெண், அதுவரை கரையில் பார்வையாளராக மட்டுமே நின்றாள் என்பதை நினைத்துப் பாருங்கள். இவை எல்லாம் வயதுக் குறைப்பால் மட்டும் வந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊழியத்தில் பெண்கள் 15 சதவீதமாகவே இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை இன்றும் ஆண்களுக்கு மட்டுமே. அது வருத்தத்துக்குரியது.

-----

மறுபக்கம் எழுதியது:

பெண்கள் விஷயத்தில் வகுப்பறை அக்காவோடு உடன்படுகிறேன். ஆனால் 18 வயதுப் பையன்களைப் பற்றி இந்த இழையில் யாரும் கவலைப்படவில்லையே?

முன்பு ஒரு பையன் பள்ளி முடித்து ஓராண்டு கல்லூரி விடுதியிலோ வேலையிலோ இருப்பான். துணி துவைக்கக் கற்பான், காசு கணக்குப் பார்ப்பான், சபைக்கு வெளியே உள்ளவர்களோடு பழகுவான். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கவும் அந்த ஓராண்டில் இடம் இருந்தது. இப்போது அம்மா சமையலிலிருந்து நேராக மிஷனுக்கு. விமர்சகர்கள் பலர் சொல்வது இதுதான்: அந்த ஓராண்டில் சபையை விட்டு விலகும் பையன்களைப் பிடித்து வைக்கத்தான் வயதைக் குறைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இடையில் திரும்பி வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறையினர் அப்படித் திரும்பியவர்களிடம் ஆய்வு செய்தபோது, நான்கில் மூன்று பேர் தோற்றுவிட்டதாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் உடல்நலத்தாலும் மனநலத்தாலும் வந்தவர்கள். வழியனுப்பும்போது ஊரே கூடும் சமூகத்தில், ஆறாவது மாதம் விமான நிலையத்தில் தனியாக இறங்குவது எப்படியிருக்கும்?

-----

கோவைப்பெண் எழுதியது:

நான் இந்தச் சபை உறுப்பினர். இந்தியாவிலேயே மிஷன் ஊழியம் செய்தவள். மறுபக்கம் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிடித்து வைக்கத்தான் குறைத்தார்கள் என்பது ஒரு பாதி. மறு பாதி, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிலை. பல நாடுகளில் கட்டாய ராணுவ சேவையும் கல்லூரிச் சேர்க்கை முறையும் 19ஐக் கடினமாக்கின. அதனால் 2012க்கு முன்பே குறிப்பிட்ட சில நாடுகளின் ஆண்கள் 18இல் போக அனுமதி இருந்தது. அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் விரித்ததாகத் தலைவர் மான்சன் சொன்னார்.

மனநலம் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை, அதை நான் மறுக்கவே மாட்டேன். 2013இல் மிஷனரி வாழ்க்கைக்குப் பழகுவது பற்றி ஒரு கையேடு கொடுக்கத் தொடங்கினார்கள். மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்யலாம் என்று சொல்லும். அழுகை வந்தால் ஜெபம் செய் என்பதோடு நிற்காமல், தூக்கம், சாப்பாடு, யாரிடம் பேசுவது என்று எழுதியிருக்கும். எனக்கு அது உதவியது. அதைவிடப் பெரிய ஆறுதல் 2019 பிப்ரவரியில் வந்தது. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேசலாம். அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். 18 வயதுப் பிள்ளையை அனுப்பிவிட்டு அப்படி வைத்திருந்ததை அதற்கு ஆறு ஆண்டுக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். வயதைக் குறைத்த அன்றே இதையும் செய்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த 19 அவ்வளவு பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரியில் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு மிஷனுக்குப் போய் வந்து தொடரலாம். நம் ஊரில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் நிறுத்தினால் மறுபடி சேர்வதற்கு எத்தனை கையெழுத்து! வீட்டில் ஒரே கேள்வி: 'டிகிரியை முடிச்சுட்டுப் போனால் என்ன?' அதனால் எனக்குத் தெரிந்த பெண்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிய பிறகே போனார்கள், அதாவது பழைய 21இல். உறவினர்களிடம் இதை விளக்குவது வேறு பாடு. வயசுப் பெண்ணைத் தெரியாத ஊருக்கு அனுப்புகிறார்களே என்று கேட்ட பெரியம்மாவுக்கு என் அம்மா கடைசி வரை முழுப் பதில் சொல்லவில்லை. ஆனாலும் என்னை அனுப்பினார்.

-----

மறுபக்கம் எழுதியது:

உங்கள் அம்மாவுக்கு என் மரியாதை. போன் விஷயத்தில் நீங்களே சொன்னதுதான் என் வாதமும். வயதை ஒரே நாளில் குறைத்தார்கள், அந்த வயதுக்குத் தேவையான பாதுகாப்புகள் ஆண்டுக்கணக்கில் தவணை முறையில் வந்தன. முதல் அலையில் போனவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

-----

எண்ணும்எழுத்தும் எழுதியது:

முதல் அலை பற்றி ஒன்று சேர்க்கிறேன். யூட்டாவின் புரோவோ நகரில் உள்ள மிஷனரிப் பயிற்சி மையத்தில் இடம் போதவில்லை. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளை வாடகைக்கு எடுத்தார்கள். பயிற்சிக் காலத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதாவது வயது குறைந்த அதே நேரத்தில் பயிற்சியும் குறைந்தது. களத்தில் இன்னும் சிக்கல்: புதியவர்கள் குவிந்ததால், தானே வந்து சில மாதம் ஆன மிஷனரி அடுத்தவருக்கு டிரெய்னர். மிஷனரிகள் வேலை செய்யும் நிர்வாகப் பகுதிகளையும் மிஷன் என்றே சொல்வார்கள்; 2013இல் அவற்றின் எண்ணிக்கையை 347இலிருந்து 405 ஆக்கினார்கள். அலை வடிந்ததும் சிலவற்றை மூடி இணைத்தார்கள், 2019 முடிவில் 399.

மெக்சிகோ சிட்டியில் பெனமெரிட்டோ என்ற சபையின் மேல்நிலைப் பள்ளி 1964இலிருந்து நடந்துவந்தது. ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த பல தலைமுறைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். 2013இல் அந்தப் பள்ளியை மூடி, வளாகத்தை மிஷனரிப் பயிற்சி மையம் ஆக்கினார்கள். செய்தியைக் கேட்டு மாணவர்கள் அழுதார்கள். வயது மாற்றத்தின் விளைவுகளில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். பள்ளி போய்விட்டது, அலையும் போய்விட்டது.

-----

பழையதாள் எழுதியது:

இந்த வயதுகள் எதுவும் வேதத்தில் எழுதப்பட்டவை இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சபையின் தொடக்கக் காலத்தில் மிஷனுக்குப் போனவர்கள் பெரும்பாலும் மனைவி, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன நடுவயது ஆண்கள். நம் சென்னைக்கே அப்படி ஒருவர் வந்தார். ரிச்சர்ட் பாலன்டைன், 1853இல் மதராஸ். அப்போது அவருக்கு 35 வயது தாண்டியிருந்தது, குடும்பம் யூட்டாவில். ஓராண்டு வெயிலில் பாடுபட்டும் சேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

திருமணமாகாத பெண்களை முறையாக அனுப்பத் தொடங்கியது 1898இல். இனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இருவர் இங்கிலாந்து போனார்கள். 1960இல் ஆண்களுக்கு 20 என்பது 19 ஆனது. 1964இல் பெண்களுக்கு 23 என்பது 21 ஆனது. கொரியா, வியட்நாம் போர்களின்போது கட்டாய ராணுவச் சேர்ப்பு காரணமாக ஒவ்வொரு வார்டிலிருந்தும் ஆண்டுக்கு ஒருவர், இருவர் என்று அளந்து அனுப்பினார்கள். 1982இல் ஆண்களின் காலத்தையும் 18 மாதமாக்கிப் பார்த்து, சில ஆண்டுகளில் 24க்கே திரும்பினார்கள்.

நேர் எதிர்த்திசையிலும் ஒரு சோதனை நடந்தது. 2002இல் தகுதியை உயர்த்தினார்கள், தயாராகாதவர்கள் வர வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு 61,638ஆக இருந்த மிஷனரிகள் 2004இல் 51,067 ஆனார்கள். 2012இல் எடுத்த முடிவை அந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பத்தாண்டு முன்பு கதவைச் சற்றுச் சாத்தியவர்கள் அகலத் திறந்தார்கள்.

-----

சாமானியன் எழுதியது:

நிறையத் தெரிந்துகொண்டேன், எல்லாருக்கும் நன்றி. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 என்று அறிவித்துவிட்டார்களே, மறுபடி அதே அலை வருமா?

-----

எண்ணும்எழுத்தும் எழுதியது:

அலை வரும், ஆனால் சின்னது. இம்முறை கூடுதலாகத் தகுதி பெறுவது பெண்களில் ஒரே ஒரு வயதினர், ஆண்களில் யாரும் இல்லை. ஞானஸ்நானம் இதனால் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2024இல் வயதில் எந்த மாற்றமும் இல்லாமலேயே 3,08,000க்கும் மேற்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றுச் சேர்ந்தார்கள், மிஷனரிகள் 74,127. மிஷனரிகள் 85,000 பேர் இருந்த 2014ஐவிடச் சேர்ந்தவர்கள் அதிகம்.

-----

வகுப்பறை எழுதியது:

2012 செய்தியாளர் சந்திப்பிலேயே ஏன் பெண்களுக்கும் 18 இல்லை என்று கேட்டார்கள். சபையின் அப்போதைய மூத்த தலைவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹாலண்ட், ஒரு நேரத்தில் ஓர் அற்புதம் போதும் என்கிற பொருளில் பதில் சொன்னார். அடுத்ததற்குப் பதின்மூன்று ஆண்டு ஆனது.

சமம் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு கவலையும் உண்டு. 18க்கும் 19க்கும் இடையில் கல்லூரியில் இருந்த அந்த ஓராண்டில்தான் பல பெண்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல், தாங்களே யோசித்து மிஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். பையன்களிடம் இல்லாத சுதந்திரம் அது. இனி பள்ளி முடிந்ததும் அண்ணனிடம் கேட்ட அதே கேள்வியைத் தங்கையிடமும் கேட்பார்கள்: எப்போது போகிறாய்? காலம் இன்னும் அவளுக்கு 18 மாதம்தான், கடமை இல்லை என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். வார்டில் உள்ள பெரியவர்களும் அப்படியே சொல்வார்களா என்பதுதான் அடுத்த சில ஆண்டுகளில் என் வகுப்பில் நான் கவனிக்கப்போவது. போகாத பெண்ணையும், பாதியில் திரும்பிய பெண்ணையும் அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் சேர்த்து.

-----

கோவைப்பெண் எழுதியது:

அக்கா, எங்கள் கிளைச் சபையில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்கள் ஏற்கெனவே என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர்களிடம் சொல்வது: முதலில் கல்லூரியில் சேருங்கள், உங்கள் துறைத்தலைவரிடம் இடைநிறுத்தம் பற்றி எழுத்தில் கேளுங்கள், வீட்டில் பேசுங்கள், பிறகு விண்ணப்பம் போடுங்கள். 18இல் போகலாம் என்றால் 22இலும் போகலாம்.